பழைய கார் விற்பனையும் வாங்குபவர் உரிமையும்: பிரித்தானியச் சட்ட வரலாறு

வணிகர் ஒருவரிடம் வாங்கிய பழைய கார் சில நாள்களிலேயே பழுதாகி நின்றுவிட்டால், அந்த இழப்பை ஏற்க வேண்டியவர் வாங்கியவரா, விற்றவரா என்பது சட்ட உலகில் நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட ஒரு கேள்வி ஆகும். பிரித்தானியாவில் இக்கேள்விக்கான விடை ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில் முற்றிலும் மாறியது. தொடக்கத்தில் இழப்பு முழுவதும் வாங்கியவரையே சேர்ந்தது. இன்று, மறைந்திருந்த குறைக்கு வணிகரே பெரும்பாலும் பொறுப்பேற்கிறார். 1893ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 1973ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் ஆகிய மூன்றும் இம்மாற்றத்தின் முதன்மையான படிகள். இவற்றுக்கு இடையே பழைய கார் வாங்கி ஏமாந்தவர்கள் தொடுத்த வழக்குகள் பல முக்கியமான தீர்ப்புகளுக்குக் காரணமாக இருந்தன. இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் விற்பனைச் சட்டங்கள் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியே எழுதப்பட்டதால், இந்த வரலாறு தமிழ் வாசகர்களுக்கும் தொடர்புடையது.

இக்கட்டுரையில் பழைய கார் என்பது, ஒருவர் பயன்படுத்திய பின் மறுவிற்பனைக்கு வரும் காரைக் குறிக்கும்.

வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற கோட்பாடு

பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் விற்பனை குறித்த அடிப்படைக் கோட்பாடு "கேவியட் எம்ப்டர்" என்ற இலத்தீன் தொடரால் குறிக்கப்பட்டது. வாங்குபவரே விழிப்பாயிருக்கட்டும் என்பது இதன் பொருள். சந்தையில் பொருள் கண்முன் இருக்கிறது. அதைத் தொட்டும் புரட்டியும் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்பு இருக்கிறது. அதன் பிறகு குறை சொல்லி வருவது முறையன்று என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

இக்கோட்பாட்டின் கடுமைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் சட்ட மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுவது 1603ஆம் ஆண்டின் சாண்டலர் எதிர் லோப்பஸ் வழக்கு. பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லைப் "பெசோவார்" கல் என்று கூறி 100 பவுண்டுக்கு விற்றார். விலங்குகளின் வயிற்றில் உருவாகும் அக்கல்லுக்கு நஞ்சை முறிக்கும் ஆற்றல் உண்டு என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. விற்கப்பட்ட கல் அத்தகையது அன்று எனத் தெரிந்ததும் வாங்கியவர் வழக்குத் தொடுத்தார். விற்றவர் அதைப் பெசோவார் என்று சொன்னாரே தவிர, அதற்கு உத்தரவாதம் தரவில்லை என்று கூறி நீதிமன்றம் வாங்கியவரின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. சும்மா சொல்வது வேறு, உறுதியளிப்பது வேறு என்ற வேறுபாடு இதனால் சட்டத்தில் நிலைபெற்றது.

இந்த வேறுபாடு அதிகமாகப் பேசப்பட்ட இடம் குதிரைச் சந்தை. குதிரையின் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கலாம். ஆனால் அதன் மூச்சுக் கோளாறோ மறைவான நொண்டலோ ஓட்டிப் பார்த்த பிறகே தெரியும். எனவே குதிரை "நலமுடையது" என்று விற்பவரிடம் வெளிப்படையான உத்தரவாதம் பெற்றுக்கொள்வது வழக்கமானது. அதைப் பெறாதவர் ஏமாந்தால் அது அவர் பாடு. பிற்காலத்தில் பழைய கார் வணிகத்தில் எழுந்த பல சிக்கல்களுக்கு முன்மாதிரி குதிரை வணிகத்திலேயே இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் வணிகம் பெருகியபோது இக்கோட்பாடு தளரத் தொடங்கியது. கப்பலில் வரும் சரக்கைப் பார்க்காமலே, பெயரையும் விவரத்தையும் மட்டும் நம்பி வாங்கும் முறை பரவியது. 1815ஆம் ஆண்டு கழிவுப் பட்டு தொடர்பான கார்டினர் எதிர் கிரே வழக்கில், பார்க்க வாய்ப்பில்லாத சரக்கு அந்தப் பெயரில் சந்தையில் விற்கத் தக்கதாகவேனும் இருக்க வேண்டும் என்று நீதிபதி எலன்பரோ பிரபு கூறினார். குப்பைமேட்டில் கொட்டுவதற்காக எவரும் பணம் கொடுத்துச் சரக்கு வாங்குவதில்லை என்பது அவரது வாதம். 1868ஆம் ஆண்டு மணிலா சணல் தொடர்பான ஜோன்ஸ் எதிர் ஜஸ்ட் வழக்கு இக்கருத்தை உறுதிப்படுத்தியது.

1893ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்

சிதறிக் கிடந்த இத்தகைய தீர்ப்புகளைத் தொகுத்து ஒரே சட்டமாக வரைந்தவர் சர் மெக்கென்சி சால்மர்ஸ். அவர் வரைந்த சரக்கு விற்பனைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் 14ஆம் பிரிவு பொருளின் தரம் பற்றியது. அப்பிரிவு பழைய கோட்பாட்டை அப்படியே ஏற்றுத் தொடங்கி, பிறகு இரண்டு விதிவிலக்குகளைக் கூறியது.

முதலாவது, நோக்கத்துக்கேற்ற தகுதி. வாங்குபவர் தமது தேவையை விற்பவரிடம் தெரிவித்து, அவரது திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். இரண்டாவது, வணிகத்தகு தரம். அவ்வகைப் பொருளை வணிகம் செய்பவரிடம் விவரத்தின்பேரில் வாங்கினால், பொருள் விற்கத் தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் இவ்விரண்டும் அதில் உள்ளதாகவே கொள்ளப்படும். இவற்றை உட்கிடை நிபந்தனைகள் என்பர்.

ஆனால் இச்சட்டத்தில் ஒரு பெரிய வாயிலும் இருந்தது. இருதரப்பும் ஒப்புக்கொண்டால் இந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்திலிருந்து விலக்கிவிடலாம் என்று 55ஆம் பிரிவு அனுமதித்தது. ஒரே அளவு வலிமையுள்ள இரு வணிகர்கள் பேரம் பேசுவதை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு இது. அச்சிட்ட படிவத்தில் கையெழுத்திடும் சாதாரண மனிதர் அக்காலத்தில் சட்டம் வரைந்தவர்களின் கண்முன் இல்லை.

பழைய கார்ச் சந்தையின் வளர்ச்சி

சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் பிரித்தானியச் சாலைகளில் கார்கள் இல்லை எனலாம். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கார் வைத்திருப்போர் எண்ணிக்கை உயர்ந்தது. பழைய கார்களுக்கென்று தனிச் சந்தையும் உருவானது. இலண்டனில் வாரன் தெரு பழைய கார் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. கடைகளில் மட்டுமன்றிச் சாலையோரத்திலும் அங்குப் பேரங்கள் நடந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய அரசு அந்நியச் செலாவணிக்காகப் புதிய கார்களை ஏற்றுமதி செய்வதற்கு முதலிடம் தந்தது. உள்நாட்டில் புதிய கார் வாங்க நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதனால் பழைய கார்களின் விலை ஏறியது. புதிய காரை வாங்கி உடனே கூடுதல் விலைக்கு விற்பதைத் தடுக்க, குறிப்பிட்ட காலம்வரை மறுவிற்பனை செய்வதில்லை என்று வாங்குபவரிடம் எழுதி வாங்கும் அளவுக்குத் தட்டுப்பாடு இருந்தது.

இதே காலத்தில் தவணைக் கொள்முதல் முறை பரவியது. சேமிப்பு குறைந்த தொழிலாளியும் எழுத்தரும் இம்முறையால் கார் வாங்க முடிந்தது. ஆனால் இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. கார் வணிகர் அதை நிதி நிறுவனத்துக்கு விற்பார். நிதி நிறுவனம் அதை வாடிக்கையாளருக்கு வாடகைக்குத் தரும். கடைசித் தவணை முடிந்ததும் கார் அவருக்குச் சொந்தமாகும். எனவே வாடிக்கையாளரின் ஒப்பந்தம், காரைக் காட்டிப் பேரம் பேசிய வணிகருடன் அன்று, காரைக் கண்ணாலும் பார்க்காத நிதி நிறுவனத்துடன் ஏற்பட்டது. அந்நிறுவனத்தின் படிவத்தில் காரின் வயது, நிலை, தகுதி எதற்கும் தாம் பொறுப்பில்லை என்ற வாசகம் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

விலக்கு வாசகங்களும் பியூயிக் வழக்கும்

பொறுப்பை விலக்கும் இத்தகைய வாசகங்களை நீதிமன்றங்கள் நேரடியாகச் செல்லாதென்று அறிவிக்க முடியவில்லை. சட்டமே அவற்றை அனுமதித்திருந்தது. எனவே அவற்றைக் குறுகிய பொருளில் படிக்கும் உத்தியை நீதிபதிகள் கையாண்டனர். 1934ஆம் ஆண்டின் ஆண்ட்ரூஸ் பிரதர்ஸ் எதிர் சிங்கர் வழக்கில், புதிய கார் என்று ஒப்பந்தம் செய்துவிட்டு ஏற்கெனவே கணிசமான தூரம் ஓடிய கார் ஒன்று ஒப்படைக்கப்பட்டது. உட்கிடை நிபந்தனைகள் அனைத்தும் விலக்கப்பட்டிருப்பதாக நிறுவனம் வாதிட்டது. "புதிய" என்ற சொல் ஒப்பந்தத்தில் வெளிப்படையாகவே இருப்பதால் அது உட்கிடை நிபந்தனை ஆகாது. ஆகவே விலக்கு அதற்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1956ஆம் ஆண்டின் கார்சேல்ஸ் (ஹாரோ) எதிர் வாலிஸ் வழக்கு இன்னும் வியப்பானது. வாங்குபவர் நல்ல நிலையில் இருந்த ஒரு பழைய பியூயிக் காரைப் பார்த்துத் தவணையில் எடுக்க இசைந்தார். பிறகு ஓர் இரவு அந்தக் கார் அவருடைய இடத்துக்கு வெளியே கட்டி இழுத்து வரப்பட்டு நிறுத்தப்பட்டிருந்தது. அதன் சிலிண்டர் ஹெட் கழற்றப்பட்டிருந்தது, வால்வுகள் எரிந்திருந்தன, இரண்டு பிஸ்டன்கள் உடைந்திருந்தன, புதிய டயர்களுக்குப் பதிலாகப் பழைய டயர்கள் மாட்டப்பட்டிருந்தன, வானொலியையும் காணவில்லை. அந்தக் கார் தாமாக நகரவே முடியாத நிலையில் இருந்தது. அவர் அதை ஏற்க மறுத்தார். ஒப்பந்தத்திலோ காரின் நிலை பற்றி எந்த உறுதியும் தரப்படவில்லை என்ற தெளிவான வாசகம் இருந்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறிய ஒருவர் விலக்கு வாசகத்தின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது என்பது டென்னிங் உள்ளிட்ட நீதிபதிகளின் கருத்து. "அடிப்படை மீறல்" எனப்பட்ட இக்கொள்கையைப் பிற்காலத்தில் பிரபுக்கள் அவை 1966, 1980 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளால் கைவிட்டது. ஆனால் அதற்குள் நாடாளுமன்றமே விலக்கு வாசகங்களைத் தடுக்க முன்வந்துவிட்டது.

வணிகர் வாய்ச்சொல்லின் மதிப்பு

கார் பற்றிச் சொல்லப்படும் ஒரு விவரம் எப்போது ஒப்பந்தத்தின் பகுதியாகிறது என்பதை இரண்டு வழக்குகள் தெளிவாக்கின.

முதலாவது 1957ஆம் ஆண்டின் ஆஸ்கார் செஸ் எதிர் வில்லியம்ஸ். இதில் விற்றவர் ஒரு தனிமனிதர். வாங்கியவர் கார் வணிகர். புதிய காருக்கு மாற்றாகத் தம் குடும்பத்தின் மோரிஸ் காரைக் கொடுத்தவர், பதிவுப் புத்தகத்தைப் பார்த்து அது 1948ஆம் ஆண்டுக் கார் என்று சொன்னார். வணிகர் அதற்கு 290 பவுண்டு கணக்கிட்டார். உண்மையில் அது 1939ஆம் ஆண்டுக் கார். பதிவுப் புத்தகத்தை முன்னர் யாரோ திருத்தியிருந்தனர். உண்மை தெரிந்திருந்தால் 175 பவுண்டே தந்திருப்பேன் என்று வணிகர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். விற்றவருக்குப் புத்தகத்தில் இருந்ததைத் தவிர வேறொன்றும் தெரியாது. சரிபார்க்கும் திறன் வணிகரிடமே இருந்தது என்பது தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது 1965ஆம் ஆண்டின் டிக் பென்ட்லி புரொடக்‌ஷன்ஸ் எதிர் ஹரோல்ட் ஸ்மித் மோட்டார்ஸ். இதில் விற்றவர் வணிகர். இன்ஜினும் கியர் பெட்டியும் மாற்றிய பின் அந்த பென்ட்லி கார் 20,000 மைல்களே ஓடியது என்று அவர் கூறினார். உண்மையில் அது ஏறத்தாழ 1,00,000 மைல்கள் ஓடியிருந்தது. இங்கே வணிகரின் சொல் உத்தரவாதமாகவே கருதப்பட்டது. காரின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளும் நிலையில் இருந்தவர் அவரே என்பதால் தவறான விவரத்துக்கு அவர் பொறுப்பானார்.

இரு வழக்குகளிலும் ஒருவர் காரைப் பற்றித் தவறான தகவல் சொன்னார். ஆயினும் தீர்ப்புகள் வேறுபட்டன. யாருக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது என்பதே இரண்டையும் பிரித்த அளவுகோல். சாண்டலர் வழக்கில் பொற்கொல்லருக்கு ஆதரவாக முடிந்த கேள்வி, 362 ஆண்டுகளுக்குப் பின் கார் வணிகருக்கு எதிராக முடிந்தது.

இரண்டு ஜாகுவார் கார்கள்

பழைய கார் எவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. பழைய கார் புதியதுபோல் இருக்காது என்பது வாங்குபவருக்கும் தெரியும். விலை குறைவாக இருப்பதும் அதனால்தான்.

1965ஆம் ஆண்டின் பார்ட்லெட் எதிர் சிட்னி மார்க்கஸ் வழக்கில், ஒரு பழைய ஜாகுவார் காரின் கிளட்ச்சில் சிறு பழுது உண்டு என்று வணிகர் முன்கூட்டியே சொன்னார். தாமே பழுதுபார்த்துத் தருவதாகவும், வேண்டாம் என்றால் விலையில் 25 பவுண்டு குறைத்துக்கொள்வதாகவும் கூறினார். வாங்கியவர் விலைக் குறைப்பைத் தேர்ந்தெடுத்தார். சில வாரங்களுக்குப் பிறகு கிளட்ச்சைப் பிரித்துப் பார்த்தபோது, பழுது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. அவர் வழக்கில் தோற்றார். ஓட்டத் தக்க நிலையில் உள்ள பழைய கார், குறை உடையதாயினும் வணிகத்தகு தரம் உடையதே. பழைய காரில் விரைவிலோ தாமதமாகவோ பழுது வரும் என்பதை வாங்குபவர் எதிர்பார்க்க வேண்டும் என்றார் டென்னிங் பிரபு.

பத்தாண்டுகளுக்குப் பின், 1975ஆம் ஆண்டில், கிரௌதர் எதிர் ஷானன் மோட்டார் வழக்கு அதே நீதிபதியின் முன் வந்தது. இதுவும் பழைய ஜாகுவார்தான். எட்டு ஆண்டுகள் பழமையான அந்தக் கார் 1972ஆம் ஆண்டில் 390 பவுண்டுக்கு விற்கப்பட்டது. மீட்டர் 82,000 மைல்களுக்குமேல் காட்டியது. மூன்று வாரங்களில் 2,300 மைல்களுக்குமேல் ஓடிய பிறகு இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. அந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் சாட்சியம் அளித்தார். தாம் விற்கும்போதே இன்ஜின் தேய்ந்து முடிந்துபோயிருந்தது என்றார் அவர். சாலையில் நியாயமான காலம் ஓடத் தகுதியற்ற கார் என்று கூறி, நீதிமன்றம் வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

முதல் வழக்கில் குறை முன்பே சொல்லப்பட்டது. அதற்காக விலையும் குறைக்கப்பட்டது. இரண்டாம் வழக்கில் குறை மறைந்திருந்தது; விற்பனை நாளிலேயே அது இருந்தது என்பதற்குச் சான்றும் கிடைத்தது. பழைய உரிமையாளர் சாட்சி சொல்ல வந்திராவிட்டால் முடிவு எப்படியிருந்திருக்கும் என்பது சிந்திக்கத் தக்கது. குறை எப்போது தோன்றியது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்கியவரிடம் இருந்தவரை, நியாயம் பெறுவது பெரும்பாலும் அவரது வாய்ப்பைப் பொறுத்ததாகவே இருந்தது.

1988ஆம் ஆண்டின் ஷைன் எதிர் ஜெனரல் கேரன்டி வழக்கு இந்த வரிசையில் இன்னொரு மைல்கல். ஆர்வலர்கள் விரும்பி வாங்கும் ஃபியட் வகைக் கார் ஒன்று, முன்பு ஒரு நாளுக்குமேல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்து காப்பீட்டு நிறுவனத்தால் முழு இழப்பாகக் கணக்கெழுதப்பட்டது. இதைச் சொல்லாமல் அது விற்கப்பட்டது. கார் ஓடியது, ஆயினும் இத்தகைய வரலாறு தெரிந்திருந்தால் எவரும் அந்த விலைக்கு அதை வாங்கியிருக்க மாட்டார்கள் என்பதால், அது வணிகத்தகு தரம் உடையதன்று எனத் தீர்ப்பாயிற்று. வாங்குபவரின் மன நம்பிக்கையும் தரத்தில் அடங்கும் என்பதை இத்தீர்ப்பு ஏற்றது.

நுகர்வோர் இயக்கமும் 1973ஆம் ஆண்டுச் சட்டமும்

தனித்தனி வழக்குகளால் மட்டும் நிலைமை மாறாது என்பது 1950களின் இறுதியில் தெளிவானது. 1957ஆம் ஆண்டில் மைக்கேல் யங் முயற்சியால் பிரித்தானிய நுகர்வோர் சங்கம் தோன்றியது. பொருள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடும் "விச்?" என்ற அதன் இதழ் நடுத்தரக் குடும்பங்களிடையே பரவியது. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த மலோனி குழுவின் இறுதி அறிக்கை நுகர்வோர் பாதுகாப்பை அரசின் கடமையாக முன்வைத்தது. விலக்கு வாசகங்களால் நுகர்வோருக்கு நேரும் தீங்கையும் அது சுட்டிக்காட்டியது. சட்ட ஆணையமும் 1969ஆம் ஆண்டில் இதே திசையில் பரிந்துரை செய்தது.

இதன் விளைவே 1973ஆம் ஆண்டின் சரக்கு வழங்கல் (உட்கிடை நிபந்தனைகள்) சட்டம். தரம், தகுதி ஆகியவை பற்றிய நிபந்தனைகளை நுகர்வோருக்கான விற்பனையில் எந்த வாசகத்தாலும் விலக்க முடியாது என்று இது அறிவித்தது. 1893ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு திறந்துவைத்த வாயில் இதனால் நுகர்வோரைப் பொறுத்தவரை அடைபட்டது. "இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது" என்று வணிகர் எழுதி ஒட்டினாலும் அது வாங்கியவரின் உரிமையைப் பறிக்காது. தரம் என்பதை விலை, விவரம், பிற சூழ்நிலைகள் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்ற விளக்கமும் சேர்க்கப்பட்டது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கியவர் அட்டை நிறுவனத்திடமும் உரிமை கோர வழிசெய்கிறது.

மீட்டர் திருத்தும் மோசடி

பழைய காரின் விலையைத் தீர்மானிக்கும் முதன்மையான எண் அது ஓடிய தூரம். எனவே மீட்டரைப் பின்னோக்கித் திருப்பும் மோசடி பழைய கார் வணிகத்தின் நீங்காத நோயாக இருந்தது. 1968ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம் பொய்யான விவரம் தருவதைக் குற்றமாக்கியது. மீட்டரில் தெரியும் எண்ணும் ஒரு விவரமே என நீதிமன்றங்கள் கொண்டன. மீட்டரை நம்ப வேண்டாம் என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைத்துத் தப்பிக்க வணிகர்கள் முயன்றபோது, 1974ஆம் ஆண்டின் நார்மன் எதிர் பென்னட் வழக்கு அதற்கு வரம்பு கட்டியது. மறுப்பு அறிவிப்பு, அது மறுக்கும் விவரத்தைப் போலவே பளிச்சென்றும் துல்லியமாகவும் வாங்குபவரின் கவனத்தை ஈர்ப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு.

பொருளியல் தந்த விளக்கம்

சட்டம் வழக்கு வழக்காகக் கண்டடைந்த உண்மையை, 1970ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லோஃப் ஒரு கோட்பாடாக எழுதினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் குறையுள்ள காரை "எலுமிச்சை" என்பர். அகர்லோஃபின் கட்டுரை அந்த எலுமிச்சைகளின் சந்தையைப் பற்றியது. கார் நல்லதா என்பது விற்பவருக்குத் தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்ல காருக்கும் சராசரி விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க எவரும் விரும்பமாட்டார். நல்ல கார்கள் சந்தையை விட்டு விலக, குறையுள்ளவையே மிஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த இக்கட்டுரைக்காக அவர் 2001ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். உத்தரவாதம் வாங்குபவரை மட்டும் காப்பதில்லை. நேர்மையான வணிகரையும் காக்கிறது என்பது இக்கோட்பாட்டிலிருந்து பெறப்படும் பாடம்.

திருப்பிக் கொடுக்கும் காலம்

உரிமை இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் காலம் தெளிவில்லாமல் இருந்தது. வாங்கியவர் பொருளை "ஏற்றுக்கொண்ட" பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இழப்பீடு மட்டுமே கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் பெர்ன்ஸ்டைன் எதிர் பாம்சன் மோட்டார்ஸ் வழக்கு ஒரு புதிய நிசான் காரைப் பற்றியது. மூன்று வாரங்களில் 140 மைல்களே ஓடிய நிலையில் அதன் இன்ஜின் நின்றது. தயாரிப்பின்போது உள்ளே விழுந்த ஒரு துளி அடைப்புப் பசை எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்திருந்தது. கார் தரமற்றது என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் மூன்று வாரங்கள் கடந்துவிட்டதால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போயிற்று என்றது. கண்ணுக்கே தெரியாத குறையை மூன்று வாரங்களில் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி எழுந்து, இத்தீர்ப்பு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

1994ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் "வணிகத்தகு தரம்" என்ற பழைய தொடரை நீக்கித் "திருப்திகரமான தரம்" என்பதைக் கொண்டுவந்தது. பாதுகாப்பு, நீடித்துழைத்தல், தோற்றம், சிறு குறைகளின்மை ஆகியவை தரத்தின் கூறுகளாகப் பட்டியலிடப்பட்டன. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதலைச் செயல்படுத்தும் விதிகள் 2003ஆம் ஆண்டு மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தன. பழுதுபார்த்தல், மாற்றித் தருதல் ஆகியவற்றைக் கோரும் உரிமை இவற்றால் கிடைத்தது. அவ்வாறு கோரும்போது, ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்றால் வணிகரே மெய்ப்பிக்க வேண்டும். முன்னாள் உரிமையாளரின் சாட்சியத்தைத் தேடி அலைய வேண்டிய நிலை பெரிதும் குறைந்தது.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம்

பல சட்டங்களில் பிரிந்து கிடந்த உரிமைகளை ஒன்றாக்கிய இச்சட்டம் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வணிகரிடம் வாங்கிய பழைய காருக்கும் இது பொருந்தும். இதன்படி கிடைக்கும் உரிமைகள் மூன்று படிகளில் அமைகின்றன.

முதல் 30 நாள்களுக்குள் கார் தரமற்றது எனத் தெரிந்தால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்து முழுத் தொகையையும் பெறலாம். ஆனால் இந்தப் படியில், குறை முன்பே இருந்தது என்பதை அவர் காட்ட வேண்டும். வணிகர் பழுதுபார்க்கும் நாள்கள் இந்த 30 நாள்களில் சேராது.

அதன் பிறகு, வணிகருக்குப் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ ஒரு வாய்ப்புத் தரப்பட வேண்டும். செலவு வணிகருடையது. நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரிய தொல்லையின்றி அது முடிய வேண்டும். ஆறு மாதங்கள்வரை மெய்ப்பிக்கும் பொறுப்பு வணிகருடையது.

அந்த ஒரு முயற்சியும் தோல்வியடைந்தால், வாங்கியவர் விலைக் குறைப்புக் கேட்கலாம். அல்லது இறுதியாகக் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். பிற பொருள்களை ஆறு மாதங்களுக்குள் இவ்வாறு திருப்பினால் பயன்படுத்தியதற்காகத் தொகை கழிக்கக் கூடாது. மோட்டார் வாகனங்களுக்கு மட்டும் சட்டம் விதிவிலக்கு அளித்து, ஓடிய அளவுக்கு நியாயமான தொகையைக் கழிக்க அனுமதிக்கிறது.

உரிமையின் எல்லைகள்

பழைய கார் வாங்கும் எல்லாருக்கும் எல்லாச் சூழலிலும் இவ்வுரிமைகள் கிடைப்பதில்லை. விற்பதற்கு முன் வணிகர் குறிப்பிட்டுச் சொன்ன குறைக்கும், வாங்குபவர் சோதித்தபோது கண்டிருக்க வேண்டிய குறைக்கும் பின்னர் உரிமை கோர முடியாது. பார்ட்லெட் வழக்கின் கிளட்ச் இன்றும் நினைவில் கொள்ள வேண்டிய பாடம். வயதுக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ற இயல்பான தேய்மானமும் குறையாகாது.

தனிமனிதர் ஒருவர் தம் சொந்தக் காரை விற்கும்போது தரம் பற்றிய நிபந்தனை பொருந்தாது. அவர் சொன்ன விவரத்துக்கு ஏற்ப கார் இருக்க வேண்டும் என்பது மட்டுமே பொருந்தும். இதனால் வணிகர் சிலர் தனிமனிதர்போல் விளம்பரம் செய்து விற்பதும் நேர்கிறது. அது சட்டப்படி குற்றம். நேரில் சென்று பங்கேற்கத்தக்க பொது ஏலத்தில் எடுக்கும் பழைய பொருள்களுக்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பு முழுமையாகக் கிடைப்பதில்லை. 1960ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள வாகனத் தகுதிச் சோதனைச் சான்று, சோதித்த நாளில் கார் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளை நிறைவு செய்தது என்பதை மட்டுமே காட்டும். இன்ஜினின் நலனுக்கு அது உத்தரவாதம் அன்று.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர்

1893ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியப் பேரரசின் பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. இலங்கையில் 1896ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைக் கட்டளைச் சட்டமும், இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் அதைப் பின்பற்றி எழுந்தவை. இந்தியச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஆங்கிலேயச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் போன்றதே. அதன் 62ஆம் பிரிவு, உட்கிடை நிபந்தனைகளை ஒப்பந்தத்தால் விலக்க இன்றும் அனுமதிக்கிறது. பிரித்தானியா 1973ஆம் ஆண்டில் அடைத்த வாயில் இந்திய விற்பனைச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ஆம் ஆண்டில் முதலில் இயற்றப்பட்டு, 2019ஆம் ஆண்டில் புதிதாக எழுதப்பட்ட இச்சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை விற்ற வணிகர்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், பழைய வாகன வணிகர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்கிறது. வாகனம் வணிகரின் கையில் இருக்கும் காலத்தில் அதற்கு யார் பொறுப்பு என்பதை இது தெளிவாக்குகிறது. ஆனால் வாகனத்தின் தரம் பற்றியது அன்று. 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையோ, ஆறு மாத மெய்ப்பிப்பு விதியோ இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை.

சிங்கப்பூர் இதில் வேறு வழியில் சென்றது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் அங்கு நடைமுறையில் உள்ள "எலுமிச்சைச் சட்டம்", ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்கிறது. வணிகரிடம் வாங்கும் பழைய கார்களுக்கும் அது பொருந்தும்.

மதிப்பீடு

இந்த நானூறு ஆண்டுகளில் பொருளின் குறை மாறவில்லை. அதைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது என்பதைச் சட்டம் பார்க்கத் தொடங்கியதே மாற்றம். சந்தையில் கண்ணெதிரே கிடந்த பொருளுக்கு, வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற கோட்பாடு ஓரளவு பொருந்தியது. மூடிய இன்ஜினுக்கும் திருத்திய மீட்டருக்கும் அது பொருந்தவில்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பை ஆறு மாதங்களுக்கு வணிகரிடம் மாற்றிய சிறு விதி, பல பெரிய கோட்பாடுகளைவிட எளிய மனிதருக்கு அதிகம் உதவியது. வாங்கும் நாளில் வணிகர் சொன்ன விவரங்களை எழுத்தில் பெறுவதும், குறை தெரிந்த அன்றே எழுத்து மூலம் தெரிவிப்பதும், எந்த நாட்டுச் சட்டத்தின்கீழும் அவருக்குத் துணைநிற்கும் சான்றுகளாகும்.